பரணிதரனுக்கு ஒரு காய்ச்சல் வேண்டும்

எங்க வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வரணும்னு நான் வேண்டிக்கிட்ட கதையை யாருகிட்டச் சொன்னாலும் சிரிக்கறாங்க. சிரிக்கட்டும். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் அந்த மனுஷனோட காய்ச்சலைப் பார்த்தவ நான். அது என்ன லட்சணத்துல இருக்கும்னு தெரிஞ்சா, நான் வேண்டிக்கிட்டது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்கே புரியும்.

அவர் பேரு பரணிதரன். கோயமுத்தூர் பீளமேட்டுல மோட்டார் ரீவைண்டிங் கடை வெச்சிருக்கார். தண்ணி மோட்டாரு, கிரைண்டர் மோட்டாரு, எது எரிஞ்சு போய் வந்தாலும் செம்புக் கம்பியைச் சுத்தி ஓட வெச்சுருவார். ஆள் தங்கமானவர்தான். ஆனா தெர்மாமீட்டர் தொண்ணூத்தொம்பதைத் தொட்டுட்டாப் போதும், பீரோவுல இருந்து உயிலை எடுத்துட்டு வரச் சொல்லுவார். ஆமாங்க, உயில். முப்பது வயசுலயே எழுதி வெச்சுட்டார். அதுல ஒரு கடையும் ஒரு பழைய ஸ்கூட்டரும் இருக்கு. ரெண்டையும் எனக்குத்தான் எழுதியிருக்கார். அதை எனக்கே படிச்சுக் காட்டுவார். "மிதுனா, நான் போயிட்டா நீ அழக் கூடாது"ம்பார். நான் பக்கத்துல உக்காந்து கஞ்சி ஆத்திட்டு இருப்பேன். ஒரு வாய் குடிச்சுட்டு, "உப்பு கம்மி"ம்பார். காய்ச்சல் வாய்க்கு உப்பு தெரியாதுன்னு எத்தனை தடவை சொன்னாலும் ஏத்துக்க மாட்டார். பொண்டாட்டி கை கஞ்சம்னே சொல்லுவார்.

இதெல்லாம் எப்படி நின்னுச்சுன்னு சொல்லணும். அதுக்கு முன்னாடி என் வேலையைச் சொல்லணும்.

அவினாசி ரோட்டுல இருக்கற தணிப்பு மையத்துல நான் டெக்னீஷியன். தோள்பட்டைக்குக் கீழ அரிசி சைஸுல ஒண்ணு வெச்சு விடுவோம், அதுக்குப் பேருதான் தணிப்பி. உடம்புல கிருமி புகுந்தா ரத்தத்துல இருக்கற காவல் செல்லுங்க சைட்டோகைன்னு ஒரு வகைப் புரதத்தைச் செஞ்சு, உடம்பு பூராவும் தகவல் அனுப்பும். எதிரி வந்துட்டான், எல்லாரும் வாங்கன்னு. அந்தத் தகவல்தான் நமக்குக் காய்ச்சல், மேல்வலி, அசதி, வாய்க் கசப்பு எல்லாம். கிருமி நம்மளைப் பாதி படுத்தும், இந்தப் புரதம் மீதியைப் படுத்தும். தணிப்பி அந்த உற்பத்தி மேல ஒரு கையை வெச்சு, சண்டைக்கு வேணுங்கறதை மட்டும் அளவா விடும். ஆளுக்கு ஒரு எண் வெப்போம். பத்துன்னா தணிப்பியே இல்லாத மாதிரி, முழுக் காய்ச்சல். மூணுன்னா ஒரு கொட்டாவியோட போயிரும். ஊர்ல முக்காவாசிப் பேரு மூணுதான். ரெண்டுக்குக் கீழ போகக் கூடாதுன்னு சட்டம் இருக்கு.

வந்த புதுசுல ஊரே கொண்டாடுச்சு. மில்லுக்காரங்கதான் முதல்ல கொண்டாடினாங்க, கொண்டாடி முடிச்ச கையோட காய்ச்சல் லீவை எடுத்துட்டாங்க. யாராவது தலைவலின்னா, "போய் எண்ணைக் குறைச்சுட்டு ஷிப்டுக்கு வாம்மா"ன்னு சொல்லிடறாங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க சாமர்த்தியமா வயித்து வலிக்கு மாறிட்டாங்க. ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டுப் போய் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கற பழக்கம் நின்னு போச்சு. யாருமே படுக்கறதில்ல, அப்புறம் யாரைப் போய்ப் பார்க்கறது?

இந்தக் காலத்துலயும் எங்க வீட்டுக்காரர் மூணுல இருந்துக்கிட்டே காய்ச்சல்னு படுப்பாருங்க! அடுத்தவனுக்குக் கொட்டாவி வர்ற இடத்துல இவருக்குத் தொண்ணூத்தொம்பது புள்ளி எட்டு வரும். நாலு வருஷத்துக்கு முன்னாடி அப்படித்தான் ஒரு தடவை படுத்தார். எனக்கு சீனியர் டெக்னீஷியன் பரீட்சை வெச்சிருந்த வாரம் அது. மூணு நாளும் உயில் வாசிப்பு நடந்துச்சு. போதாததுக்கு பவானியில இருக்கற தங்கச்சிக்குப் போன் போட்டு, "உன்னை ஒரு தடவை பார்த்துக்கறேன் கண்ணு"ன்னு சொல்லிட்டார். அந்தப் பொண்ணு குடும்பத்தோட அழுதுக்கிட்டே ரெண்டு பஸ் மாறி வந்து சேர்ந்துச்சு. எட்டுப் பேருக்கு நான் ஆக்கிப் போட்டேன். பரீட்சையில கோட்டை விட்டேன். நாலாம் நாள் எந்திரிச்சு உக்காந்து, "ஏதோ உன் புண்ணியத்துல பொழைச்சேன், புரோட்டா இருக்கா?"ன்னு கேட்டார்.

அன்னைக்கு எனக்கு வந்த கோபம் இருக்கே, அது எந்தத் தணிப்பிக்கும் அடங்காதது. மையத்துக்குப் போனேன். ஊழியர் சாவியைப் போட்டு அவரோட எண்ணைத் திறந்தேன். மூணை ரெண்டாக்கலாம்னுதான் போனேன். விரல் ரெண்டுல நிக்கல. பூஜ்யத்துல வெச்சுட்டு வந்துட்டேன்.

அப்புறம் நாலு வருஷம் எங்க வீடு அத்தனை நிம்மதியா இருந்துச்சு. ஒரு தும்மல் இல்ல, ஒரு உயில் இல்ல. சொல்லக் கூடாதுதான், ஒரு நாள்கூட நான் அதை நினைச்சு வருத்தப்படல.

என் உடம்புதான் விசித்திரமா இருந்துச்சு. நானும் மூணுதான். ஆனா வருஷத்துல ரெண்டு தடவை எனக்கு மட்டும் நூறு டிகிரி வந்துரும். ஒரு நாள் முழுக்கப் படுக்க வேண்டியிருக்கும். மட்டமான பீஸை என் தோள்ல வெச்சுட்டாங்கன்னு திட்டிக்கிட்டே படுப்பேன். ஊழியர் அவங்கவங்க கோப்பைத் திறக்கக் கூடாதுங்கறதால என்னன்னு பார்க்கவும் முடியல. அந்த நாள்ல எங்க வீட்டுக்காரர் கடையைப் பூட்டிட்டு, மிளகு ரசமும் கஞ்சியும் வெச்சு, பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்குவார். கஞ்சி நல்லாவே இருக்கும். அதை நான் அவர்கிட்டச் சொன்னதில்ல. சொன்னா தலையில ஏறிக்கும்.

இப்போ ஆயுத பூஜைக்கு வர்றேன்.

தணிப்பிகளுக்குக் கட்டளை அனுப்பற பெட்டி முன்னெல்லாம் பெங்களூர்ல இருந்துச்சு. இந்த வருஷம் ஆனி மாசம்தான் எங்க மையத்துக்கே கொண்டு வந்து வெச்சாங்க. பீரோ உயரத்துக்கு, சாம்பக் கலர்ல. நாப்பதாயிரம் பேருக்கும் மணிக்கொரு தடவை அதுல இருந்துதான் எண் போகும். நம்மூர்ல ஆயுத பூஜைக்கு ஒரு ஸ்பானரைக்கூட விட மாட்டோம், இவ்வளவு பெரிய பெட்டியை விடுவமா? துடைச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, சாமந்தி மாலை போட்டு, பொரிகடலை படைச்சோம். மையத்து டாக்டர் இளவேனில் மேடம்தான் கற்பூரம் காட்டினாங்க. எல்லாம் ஆனதும் நான் போய் ஸ்விட்ச்சை அணைச்சேன்.

"அக்கா, அணைக்கணுமா?"ன்னு கேட்டாங்க மேடம். என்னைவிடப் பதினஞ்சு வயசு சின்னவங்க, அக்கான்னுதான் கூப்பிடுவாங்க.

"படைச்ச மெஷினை அன்னைக்கு ஓட்டலாமுங்களா? லேத்துக்கே லீவு விடறோம். நாளைக்குக் காலைல தேங்காய் உடைச்சுப் போட்டுக்கலாங்க. ஒரு நாள் தாங்கும்."

"ஒரு நாள்தானே"ன்னு அவங்களும் பொரியை வாயில போட்டுக்கிட்டாங்க.

ஒரு நாள் தாங்காதுங்க. ஆறு மணி நேரம்தான் தாங்கும், அதுக்கு மேல எண் வரலைன்னா தணிப்பி தானா நின்னுரும். அது கையேட்டுல எழுதியிருக்கு. அந்தக் கையேட்டு மேலயும் நாங்க சந்தனம் வெச்சு, சாமி படத்துக்குப் பக்கத்துல பத்திரமா அடுக்கியிருந்தோம்.

மறுநாள் விஜயதசமி. கண்ணைத் திறந்தா எனக்கு நூத்திரண்டு. பல்லு கிடுகிடுங்குது. போனை எடுத்தா ஊரே அனத்துது. எதிர்வீட்டுப் பொறியாளர், கீழ்வீட்டு வக்கீலம்மா, பால்காரர், பஸ் டிரைவர், எல்லாரும் போர்வைக்குள்ள. இருபது வருஷமாக் காய்ச்சலே பார்க்காத இளவட்டங்க எல்லாம் சாகப் போறோம்னு நினைச்சு, பழைய சண்டைக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. மில்லுங்க ஓடல. ரோடு காலியா இருந்துச்சு.

எங்க தெருவுலயே ரெண்டு கால்ல நின்னவர் ஒருத்தர்தான். பரணிதரன். காலைல அஞ்சரைக்கே எந்திரிச்சு, கல்யாணத்துக்கு எடுக்கற அண்டாவுல கஞ்சி வெச்சு, தூக்குப்போசியில ஊத்தி வீடு வீடாக் கொடுத்துட்டு வந்தார். என்கிட்ட ஒரு டம்ளரை நீட்டி, "பார்த்தியா அம்மிணி, இந்த ஊர்லயே திடமான உடம்பு யாருதுன்னு"ன்னார். முகத்துல அப்படி ஒரு பெருமை.

எனக்கும் முதல்ல சிரிப்புதான் வந்துச்சு. ரெண்டாவது வாய் குடிக்கறப்பதான் சுருக்குன்னுது. பெட்டி நின்னு போச்சுன்னா எல்லாருக்கும்தானே வரணும்? இவருக்கு மட்டும் ஏன் வரல?

"இங்க வாங்க"ன்னேன். நெத்தியைத் தொட்டுப் பார்த்தேன். சில்லுன்னு இருந்துச்சு. கையை எடுக்கும்போது அவரோட வலது கால் கட்டைவிரல் கண்ணுல பட்டுச்சு. பழந்துணியில சுத்தி, மேல இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தார்.

"அதென்னங்க?"

"அதுவா? பூஜைக்குக் கடையைச் சுத்தம் பண்றப்ப கம்பி குத்துச்சு. பத்து நாளாச்சு. வலியே இல்ல மிதுனா, அதான் சொல்லல."

கொசு கடிச்சாக்கூட பவானித் தங்கச்சிக்குப் போன் போடற மனுஷன். கம்பி குத்திப் பத்து நாளா வாயைத் திறக்கல. துணியைப் பிரிச்சேன். வீக்கம் இல்ல, செவப்பு இல்ல, சூடு இல்ல. விரல் நுனி கறுத்து, நசநசன்னு ஈரமா, வாடை அடிச்சுது. அழுத்திப் பார்த்தேன். "கூசுது"ன்னு சிரிச்சார்.

என் காய்ச்சல் அந்த நிமிஷமே எனக்கு மறந்து போச்சு. அவரையே ஸ்கூட்டரை எடுக்கச் சொல்லி, போர்வையோட பின்னாடி ஏறி மையத்துக்குப் போனேன்.

இளவேனில் மேடம் மப்ளரைச் சுத்திக்கிட்டு, பெட்டிக்கு முன்னாடி உக்காந்து தும்மிக்கிட்டு இருந்தாங்க. தேங்காய் உடைச்சு ஆன் பண்ணியாச்சு. மேலிடத்துல இருந்து போன் மேல போன். "பூஜைக்காக அணைச்சோம்னு இங்கிலீஷ்ல எப்படி அக்கா சொல்றது?"ன்னாங்க என்னைப் பார்த்ததும்.

நான் கதவைச் சாத்தினேன். வீட்டுக்காரர் வெளியே பெஞ்சுல உக்காந்து, வர்றவங்களுக்கெல்லாம் பொரிகடலை கொடுத்துக்கிட்டு இருந்தார்.

"மேடம், எல்லாருக்கும் காய்ச்சல் வந்துச்சே, ஒருத்தருக்கு மட்டும் வரலைன்னா என்ன அர்த்தமுங்க?"

"வராம இருக்காதுக்கா. இப்படி நினைச்சுப் பாருங்க. நம்ம வீட்டுல மாவாட்டி ஃபிரிட்ஜுல வெச்சிருக்கோம். திடீர்னு ஒறம்பரை, சொந்தக்காரங்க வந்தாங்கன்னா அப்புறம் அரிசி ஊறப் போட்டு ஆட்டிட்டு இருக்க முடியுமா? எடுத்து ஊத்தினா இட்லி. காவல் செல்லும் அப்படித்தான். புரதத்துக்கான செய்முறைச் சீட்டை முன்னாடியே எழுதி வெச்சிருக்கும். சும்மா இருக்கறப்ப அதை யாரும் படிச்சுச் செஞ்சுரக் கூடாதுன்னு, அது மேல ஒரு காவல்கார மூலக்கூறு உக்காந்திருக்கும். அதான் ஃபிரிட்ஜ் மாதிரி. கிருமி வந்தா அது எந்திரிச்சுக்கும், உடனே உற்பத்தி. நம்ம தணிப்பி அந்தக் காவல்காரனை அசையாம உக்கார வெக்குது. நேத்து நீங்க கரண்ட்டை நிறுத்தினீங்க, ஊர்ல இருக்கற மாவெல்லாம் ஒரே நேரத்துல பொங்கிருச்சு. இதுல பொங்காத வீடு எது?"

"நாலு வருஷமா ஒரு கரண்டி மாவுகூட எடுக்க விடாத வீடு."

மேடம் தும்மலை நிறுத்திட்டு என்னைப் பார்த்தாங்க.

சொல்லிட்டேன். பரீட்சை, பவானித் தங்கச்சி, புரோட்டா, பூஜ்யம், எல்லாத்தையும் சொன்னேன். சொல்றப்ப அழுகை வந்துச்சா காய்ச்சல்ல கண்ணு எரிஞ்சுதான்னு எனக்கே தெரியல.

அவங்க திட்டல. திட்டியிருந்தாத் தேவலை. "நாலு வருஷமா ஊத்தவே விடலைன்னா, எவக்கா உக்காந்து மாவாட்டுவா?"ன்னாங்க மெதுவா. "அவர் செல்லுங்க சீட்டு எழுதறதையே நிறுத்தியிருக்கும். வீக்கம், வலி, சூடு எல்லாம் நமக்குத் தொல்லை. ஆனா அதுதான் ஆளைக் கூப்பிடற சத்தம். அந்தக் கால்ல பத்து நாளா கிருமி குடியிருக்கு, யாரும் யாரையும் கூப்பிடல."

"இப்போ என்னங்க பண்றது?"

"பத்துல வெக்கறேன். ஆனா நாம எண்ணை மாத்தினதும் மாவு வந்துராது. ஊறணும், ஆட்டணும். அதுவரைக்கும் மருந்துதான் தாங்கணும். நீங்க முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க." அப்புறம் பேனாவை எடுத்தாங்க. "இதை நான் எழுதித்தான் ஆகணும் அக்கா."

"எழுதுங்க மேடம்"னேன்.

ஆஸ்பத்திரியில அறுவை டாக்டர் காலைப் பார்த்துட்டு வளவளன்னு பேசல. அஞ்சு நாள் பார்ப்போம்னார். அதுக்குள்ள உடம்பு தானா எழுந்து சண்டை போட்டா விரலோட போயிரும், விரல்கூடத் தப்பிக்கலாம். இல்லைன்னா கணுக்கால் வரைக்கும் எடுக்கணும், அதுக்கு மேல ஏறினா உயிருக்கே உத்தரவாதம் இல்லைன்னார். "காய்ச்சல் வருதான்னு பாருங்கம்மா. வந்தா சந்தோஷப்படுங்க"ன்னுட்டுப் போனார்.

எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணுமே புரியல. வலியும் இல்லாம, காய்ச்சலும் இல்லாம ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்திருக்கறது அவருக்கு அவமானமா இருந்துச்சு. "என்னத்துக்கு இங்க வெச்சிருக்காங்க?"ன்னு கேட்டார். மேடம் சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும்னு கட்டில் ஓரத்துல உக்காந்து சொன்னேன்.

கேட்டுட்டு எந்திரிச்சு உக்காந்தார். திட்டுவார்னு காத்துக்கிட்டு இருந்தேன்.

"என் காய்ச்சல் உனக்கு அவ்வளவு தொந்தரவாவா இருந்துச்சு, அம்மிணி?"

"ஆமாங்க"ன்னேன். பொய் சொல்ல வாய் வரல. "ரொம்பத் தொந்தரவுங்க. நீங்க நிஜமாவே செத்துப் போயிருவீங்கன்னு ஒவ்வொரு தடவையும் எனக்குப் பயமா இருக்கும். அதான் எரிச்சலா வரும்."

இருபத்தாறு வருஷத்துல அதை நான் சொன்னதே இல்ல. எனக்கே அப்பத்தான் தெரிஞ்சுதுன்னு வெச்சுக்கங்களேன். அவர் என் கையை எடுத்து அவர் நெத்தி மேல வெச்சுக்கிட்டார். இன்னமும் சில்லுன்னுதான் இருந்துச்சு.

அப்புறம் ஆரம்பிச்சுது எங்க காத்திருப்பு. ஊர்ல எல்லாருக்கும் ஒரே நாள்ல காய்ச்சல் இறங்கிருச்சு. இறங்கினதும் என்ன பண்ணினாங்க தெரியுமா? ஒரு நாள் நிம்மதியாப் படுத்தோம், வீட்டுல கஞ்சி வெச்சுக் கொடுத்தாங்க, அதனால வருஷா வருஷம் பெட்டியை ஒரு நாள் அணைக்கணும்னு மையத்துக்கு மனு எழுதிப் போட்டாங்க. முதல் கையெழுத்து மில்லுப் பொண்ணுங்களோடது, ஆயிரத்துச் சொச்சம் பேரு. நான் இங்க ஒத்த மனுஷனுக்குக் காய்ச்சல் வராதான்னு கால் மணிக்கொரு தடவை நெத்தியைத் தொட்டுக்கிட்டு இருக்கேன். நர்ஸம்மா, "தொட்டுத் தொட்டே தேஞ்சுரப் போகுது"ன்னு கிண்டல் பண்ணினாங்க. பிள்ளையாருக்கு நூத்தியெட்டுத் தேங்காய் நேர்ந்துக்கிட்டேன். காய்ச்சல் போகணும்னு நேர்ந்துக்கிட்டவங்களை அவர் நிறையப் பார்த்திருப்பார். வரணும்னு வந்து நின்னவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

தினமும் மூணு வேளையும் வீட்டுல இருந்து கஞ்சி வெச்சுக் கொண்டு போனேன். முதல் நாள் ஒரு வாய் குடிச்சதும் கேட்டேன், "உப்பு சரியா இருக்குங்களா?"

"சரியா இருக்கு."

ரெண்டாம் நாள் வேணும்னே ஒரு சிட்டிகை குறைச்சுப் போட்டேன். அதையும் குடிச்சுட்டு, "அளவா இருக்கு மிதுனா, நீ ஏன் இப்படி முழிக்கறே?"ன்னார்.  மூணாம் நாள் கறுப்பு விரல் நுனியைத் தாண்டி மேல ஏறியிருந்துச்சு. டாக்டர் ஆபரேஷன் படிவத்தை மேசை மேல வெச்சுட்டு, நாளான்னைக்குக் காலைலன்னார். வீட்டுக்காரர் அதைப் படிச்சுட்டு, உயிலைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. அவர் வாயில உயில் வராத அந்த ஒரு நாள்தான் நான் நிஜமாவே பயந்து போனேன். பாத்ரூமுக்குள்ள போய், குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன்.

நாலாம் நாள் மத்தியானம். கஞ்சியை ஆத்தி நீட்டினேன். உப்பு அளவாப் போட்டிருந்தேன், நானே ருசி பார்த்திருந்தேன். ஒரு வாய் குடிச்சார். முகத்தைச் சுளிச்சார்.

"உப்பு கம்மி."

என் கையில இருந்த கரண்டி கீழ விழுந்துருச்சு.

"என்ன சொன்னீங்க?"

"உப்பே இல்லைங்கறேன். சாகக் கிடக்கறவனுக்குக்கூட ஒரு சிட்டிகை உப்புப் போட மனசு வரல பாரு."

கத்திட்டேன். நர்ஸம்மா ஓடி வந்தாங்க. தெர்மாமீட்டர் வெச்சா தொண்ணூத்தொம்பது புள்ளி ஆறு. போர்வையை விலக்கினா விரலைச் சுத்திச் செக்கச்செவேல்னு ஒரு வளையம், பாதமே வீங்கி மினுமினுங்குது. டாக்டர் வந்து லேசாத் தொட்டார். எங்க வீட்டுக்காரர் போட்ட சத்தம் கீழ்மாடிக்குக் கேட்டிருக்கும். "ஐயோ, உயிர் போகுதே!"

"பேஷ்"னார் டாக்டர். படிவத்தை எடுத்து மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டார். விரல் போகும், கால் போகாதுன்னார்.

பொழுது சாயறப்ப நூறு புள்ளி நாலு ஆச்சு. நானும் நர்ஸம்மாவும் சிரிச்சுக்கிட்டே பக்கத்துல நிக்கறதைப் பார்த்து அவருக்கு ஆத்திரம் தாங்கல. "மிதுனா, பீரோ சாவி எங்க? அந்த உயில்..."ன்னு ஆரம்பிச்சார்.

"கொண்டாந்திருக்கேனுங்க"ன்னு பையில இருந்து எடுத்து நீட்டினேன். எப்படியும் கேப்பார்னு முதல் நாளே எடுத்துட்டு வந்திருந்தேன். வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கிட்டுக் கரகரன்னு படிக்க ஆரம்பிச்சார். கடை, ஸ்கூட்டர், நான் போயிட்டா நீ அழக் கூடாது. முதல் தடவையா நான் உக்காந்து முழுசும் கேட்டேன்.

படிச்சுட்டு இருக்கறப்பவே தூங்கிட்டார். அப்பத்தான் இளவேனில் மேடம் வந்தாங்க, ஒரு கையில ஆரஞ்சுப் பழம், ஒரு கையில கோப்பு. எத்தனை வருஷமாச்சு ஆஸ்பத்திரியில ஆரஞ்சுப் பழத்தைப் பார்த்து!

"மாவாட்டியாச்சாக்கா?"

"பொங்கி வழியுதுங்க மேடம்."

சிரிச்சாங்க. அப்புறம் சங்கடமா உக்காந்தாங்க. ஆறு மாசம் எனக்கு வேலை இல்ல. ஊழியர் சாவியைத் திருப்பிக் கொடுக்கணும். திரும்பி வந்தாலும் எண்ணைத் தொடற வேலை கிடையாது, தடுப்பூசிப் பக்கம்தான். நியாயம்தான்னேன். என் மனசுக்கு அது கம்மியாத்தான் பட்டுச்சு.

"குடும்பக் கோப்பு முழுசுக்கும் கையெழுத்து வேணும். படிச்சுட்டுப் போடுங்க"ன்னு தாளைத் திருப்பினாங்க. அவரோட தாள்ல மூணு, பூஜ்யம், பத்து. அடுத்தது என்னோட தாள். இத்தனை வருஷத்துல நான் பார்க்கவே பார்க்காத தாள். அதுல மூணுன்னு இருந்து, அடிச்சு, ஆறுன்னு எழுதியிருந்துச்சு. மூணரை வருஷத்துக்கு முந்தின தேதி.

"இது யாருங்க மாத்தினது?"

"நான்தான். ஆறு அனுமதிச்ச எண்தான். ஊழியருக்கு வீட்டுல இருக்கறவங்க மனு கொடுக்கலாம். ஆனா உங்ககிட்டச் சொல்லாம செஞ்சது தப்பு, நானும் மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்துட்டேன். அவர் கேட்ட விதத்துல மறுக்க முடியலக்கா."

அடியில ஒரு மனு ஒட்டியிருந்துச்சு. கிரீஸ் விரல் அடையாளத்தோட, எங்க வீட்டுக்காரர் கையெழுத்து. காரணம்னு போட்ட இடத்துல இப்படி எழுதியிருந்தார்.

'எனக்கு இப்பெல்லாம் காய்ச்சலே வருவதில்லை. வீட்டில் யாரும் படுப்பதில்லை. எங்க வீட்டம்மா உட்கார்ந்து நான் பார்த்து வெகுநாள் ஆச்சு. சொன்னால் கேட்க மாட்டாள். வருஷத்துக்கு ரெண்டு நாளாவது படுக்கட்டும். கஞ்சி வைக்க எனக்குத் தெரியும்.'

மட்டமான பீஸுன்னு மூணரை வருஷமாத் திட்டிக்கிட்டு இருந்தேன் நான். ஸ்டூலைப் போட்டுப் பக்கத்துல உக்காந்திருந்த மனுஷன் ஒரு தடவைகூட வாயைத் திறக்கல. மூக்கை உறிஞ்சிக்கிட்டேன். மேடம் ஜன்னல் பக்கம் திரும்பி ஆரஞ்சை உரிச்சாங்க.

"ஆபீஸ் போனதும் உங்களை மூணுக்கே கொண்டு வந்துடறேன்கா."

எங்க வீட்டுக்காரர் தூக்கத்துல முனகினார். நெத்தியைத் தொட்டுப் பார்த்தேன். நல்லாவே கொதிச்சுது.

"வேண்டாங்க மேடம்"னேன். "ஆறே இருக்கட்டும்."